தறிச் சத்தத்துக்கு நடுவே சப்டைட்டில் வேலை: வயர் ஹெட்போனா, புளூடூத் ஏஎன்சியா?

#1 நூல்கண்டு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு சோமனூர் பக்கம். இரண்டு பக்கமும் தறிக்கூடம். பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம், அதனால் தூக்கத்துக்கு ஒன்றும் சிரமமில்லை. தறி நின்றால்தான் விழிப்பே வரும். பிரச்சினை வேலைக்கு. வீட்டிலிருந்து சப்டைட்டில் போடுகிறேன், நடுவில் டிரான்ஸ்கிரிப்ஷனும் வரும். தினமும் ஆறேழு மணி நேரம் காதில் ஏதாவது இருக்கும். இப்போது இருப்பது போனோடு வந்த வயர் இயர்போன். பகலில் தறி ஓடும்போது வால்யூமை ஏற்றிக்கொண்டே போய், சாயங்காலம் கழற்றினால் காதுக்குள் ‘ஙொய்’ என்கிறது.

நாய்ஸ் கேன்சலிங் (சுற்றுச் சத்தத்தை அடக்கும், சுருக்கமாக ஏஎன்சி) ஹெட்போன் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். பட்ஜெட் பத்தாயிரம், இழுத்துப் பிடித்தால் பன்னிரண்டு. வயர் உள்ளதா, புளூடூத்தா என்பதில்தான் குழப்பம். கடையில் கேட்டதற்கு, "வயரெல்லாம் இப்ப யாருங்க வாங்குறாங்க" என்றார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன வாரம் தங்கையின் புளூடூத் ஏஎன்சி ஹெட்போனை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஃபேன் சத்தம் அப்படியே மறைந்துவிட்டது. ஆனால் தறியின் ‘டக்கு டக்கு’ மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது! பொருளில் கோளாறா, என் காதில் கோளாறா?

மாதம் ஒரு தடவை இரவு பஸ்ஸில் சென்னை போவேன். அதற்கும் உதவினால் நல்லது.

#2 தாம்பரம்_ஃபாஸ்ட்

புளூடூத்தான், யோசிக்கவே வேண்டாம். நான் தினமும் தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் போகிறவன். வயர் வைத்திருந்த காலத்தில் யாராவது ஒருவர் பையில் அது மாட்டிக்கொள்ளும், அவர் காதோடு சேர்த்து இழுத்துக்கொண்டு சைதாப்பேட்டையில் இறங்குவார். மூன்று வருஷத்தில் நான்கு இயர்போன் போயிற்று. இப்போது அந்தத் தொல்லை இல்லை. வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். வண்டியின் மோட்டார் இரைச்சல் எங்கேயோ தூரத்துக்குப் போய்விடுகிறது. சுண்டல் விற்பவர் குரல் மட்டும் கேட்கும், அதுவும் தேவைதானே.

ஒரே எச்சரிக்கை: தண்டவாளப் பக்கம் நடக்கும்போது கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

#3 பழையகம்பி

தாம்பரத்துக்காரர் ரயிலில் பாட்டுக் கேட்கிறார். அந்தம்மா காதை வைத்துச் சம்பாதிக்கிறார். இரண்டும் ஒன்றா?

முதலில் ஒரு கெட்ட செய்தி. ‘வயர் உள்ள ஏஎன்சி’ என்பது ஏறக்குறைய அழிந்துபோன இனம். ஆரம்பத்தில் எல்லாமே வயர்தான். எதிர் அலையை அனுப்பிச் சத்தத்தை அடக்கலாம் என்று ஜெர்மனியின் பால் லூக் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1936-இல். 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த அமர் போஸ் (போஸ் கம்பெனியின் நிறுவனர்), விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இஞ்சின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காமல் போகவே, உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார் என்பது பிரபலமான கதை. விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வர 1989 ஆயிற்று. பயணிகள் கைக்கு போஸின் குவையட்கம்ஃபர்ட் (சுருக்கமாக கியூசி) ஹெட்போன் வந்தது 2000-இல்.

எனக்குப் பிடித்தது 2014-இல் வந்த கியூசி25. ஒரே ஒரு சின்ன ஏஏஏ பேட்டரி. தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போடலாம், இல்லாவிட்டாலும் சாதாரண ஹெட்போனாகப் பாடிக்கொண்டே இருக்கும். அதற்கு முந்தைய கியூசி15-இல் பேட்டரி போனால் பாட்டும் போச்சு. 2016-இல் புளூடூத்தோடு கியூசி35 வந்தது. அதே வருஷம் ஐபோன் 7-இல் ஹெட்போன் துளையையே அடைத்துவிட்டார்கள். அப்புறம் எந்தக் கம்பெனிக்கு வயரில் அக்கறை?

ஆகவே இன்று கடையில் கிடைப்பது ‘புளூடூத் ஏஎன்சி, கூட ஒரு வயர் துளை’. அந்தத் துளையில் வயரைச் செருகினால் எது வேலை செய்யும், எது செத்துப்போகும் என்று கேட்டு வாங்குவதுதான் சாமர்த்தியம். சிலவற்றில் வயரிலும் ஏஎன்சி ஓடும். சிலவற்றில் வயர் போட்டால் மைக் அணைந்துவிடும். சிலவற்றைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே கேட்க முடியாது. ஏர்பாட்ஸ் மேக்ஸ் மாதிரி ஒன்றிரண்டில் சார்ஜ் இல்லையென்றால் வயர் போட்டும் பேச்சு மூச்சு இருக்காது. பெட்டியின் மேல் இதையெல்லாம் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

#4 காற்றலை

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நூல்கண்டு, உங்கள் காதிலும் கோளாறு இல்லை, தங்கை ஹெட்போனிலும் இல்லை. அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

ஏஎன்சி எப்படி ஓடுகிறது என்றால், வெளியே இருக்கும் மைக் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே ஸ்பீக்கர் வழியாக விடும். மேடு வரும் இடத்தில் பள்ளம், பள்ளத்தில் மேடு. இரண்டும் சேர்ந்தால் சமதளம். உள்ளேயும் ஒரு மைக் இருந்து மிச்சத்தைச் சரிபார்க்கும், நல்ல மாடல்களில் இரண்டும் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் ஒரு அலையின் நீளம் மூன்றரை மீட்டர் கிட்ட வரும். அவ்வளவு சோம்பேறி அலையை எதிர்கொள்ள நேரம் தாராளமாக இருக்கிறது. 4000 ஹெர்ட்ஸில் அதே அலை எட்டரை சென்டிமீட்டர்தான். நான்கு சென்டிமீட்டர் தள்ளினால் மேடு பள்ளமாகிவிடும். கணக்கு துளி பிந்தினாலும் அடக்குவதற்குப் பதில் கூட்டிவிடும். அதனால்தான் ஏஎன்சியின் ராஜ்ஜியம் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸோடு முடிகிறது. அதற்கு மேல் காதைச் சுற்றியிருக்கும் மெத்தைதான் காப்பாற்ற வேண்டும்.

இப்போது உங்கள் தறிக்கு வருவோம். மோட்டார், பெல்ட், சுவர் அதிர்வு எல்லாம் சேர்ந்த ‘ஊம்ம்’ கீழ் அதிர்வெண். அதை ஏஎன்சி விழுங்கிவிடும். ஊடை நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபட்டுப் பாயும் சத்தமோ மரத்தில் சுத்தியல் அடித்த மாதிரி. திடீரென்று வரும், எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கும். அதன் கூர்மையான பகுதி தப்பித்துவிடும். முன்பு அந்த ‘ஊம்ம்’ என்கிற போர்வைக்கு அடியில் ‘டக்கு’ பாதி மறைந்திருந்தது. போர்வையை உருவியதும் அது பளிச்சென்று தெரிகிறது. ஆபீசில் ஏஎன்சி போட்டவர்கள் ‘பக்கத்து டேபிள் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கிறது’ என்று புலம்புவதும் இதனால்தான்.

உங்களுக்குத் தேவை நல்ல அடைப்பு. ஏஎன்சி இரண்டாம்பட்சம்.

#5 நூல்கண்டு

அப்பாடா, காது பிழைத்தது. நன்றிங்க அண்ணா. ஆனால் அடைப்பு என்றால் என்ன வாங்குவது? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தங்கை ஹெட்போனில் நான் போட்ட சப்டைட்டில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிந்தி வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் முழுக்க வேலை வீண். புளூடூத்தால் அப்படி ஆகுமா?

#6 காற்றலை

ஆகும். ‘புளூடூத்தா’ என்ற கேள்விக்கு உங்கள் வரையில் இதுவே பதில்.

புளூடூத் சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். சாதாரண எஸ்பிசி கோடெக்கில் சத்தம் காதுக்கு வர 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை ஆகலாம். உங்கள் வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். 200 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் ஐந்து ஃபிரேம். பேச்சு தொடங்கியதும் சாவியைத் தட்டி நேரம் பதிப்பவர் என்றால், ஒவ்வொரு வரியும் ஐந்து ஃபிரேம் தள்ளித்தான் விழும். அலைவடிவப் படத்தைப் பார்த்து நேரம் வைப்பவருக்கு இவ்வளவு பாதிப்பு இருக்காது.

#7 தாம்பரம்_ஃபாஸ்ட்

எனக்கு யூடியூபில் உதடும் குரலும் கச்சிதமாக ஒட்டித்தானே வருகிறது? நீங்கள் சொல்லும் தாமதம் பழைய காலத்துக் கதை என்று நினைக்கிறேன்.

#8 காற்றலை

யூடியூப் உங்களுக்குத் தெரியாமல் படத்தைப் பிந்தவைக்கிறது. எவ்வளவு தாமதம் என்று போனுக்குத் தெரியும், அதற்கேற்பக் காட்சியை நிறுத்தி வெளியிடும். நீங்கள் பார்க்க மட்டும் செய்வதால் சரிக்கட்டலாம். நீங்கள் பதிலுக்கு ஏதாவது செய்தாக வேண்டிய இடத்தில், அதாவது கேம், கீபோர்டு வாசிப்பது, சாவி தட்டி நேரம் வைப்பது, இதிலெல்லாம் சரிக்கட்ட வழியில்லை. அதற்கென்றே 40 மில்லிசெகண்டுக்குக் கீழே வரும் கோடெக் உண்டு, ஆனால் இரண்டு முனையிலும் அது இருக்க வேண்டும்.

எல்டாக் என்கிற உயர்தரக் கோடெக் இருந்தால் போதும் என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், எஸ்பிசி பொதுவாக 328. சிடிக்கு 1411. அது தரத்தைப் பற்றிய கணக்கு, தாமதத்தைக் குறைக்காது. தறிக்கூடத்துப் பக்கத்தில் உட்கார்ந்து 990-க்கும் 328-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் இருந்தால் என் கூடத்தில் வேலை தருகிறேன்.

#9 கணக்கு_டீச்சர்

நடுவில் வருகிறேன். ஆன்லைனில் பாடம் எடுப்பவள். மைக் பற்றி யாரும் பேசவில்லையே. லேப்டாப்பில் புளூடூத் ஹெட்போனின் மைக்கைத் திறந்த உடனே, காதில் கேட்பது எஸ்டிடி பூத் போன் மாதிரி ஆகிவிடுகிறது. ஆரம்பத்தில் நெட் மோசம் என்று மாணவர்களைத் திட்டினேன், பாவம். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமென்றால் புளூடூத் தொலைபேசி முறைக்கு மாறிவிடுமாம். இப்போது மைக் மட்டும் தனியாக யுஎஸ்பியில் வைத்துவிட்டேன், ஹெட்போன் இசை முறையிலேயே நிற்கிறது. கிளையண்டோடு பேசிக்கொண்டே வீடியோ பார்க்க வேண்டியிருந்தால் நூல்கண்டு இதைக் கவனிக்கவும்.

#10 பழையகம்பி

புளூடூத்தின் புது முறையான எல்ஈ ஆடியோவில் இந்தத் தொல்லை குறையும். லேப்டாப்பும் ஹெட்போனும் இரண்டுமே அதற்குத் தகுந்ததாக இருந்தால். உங்கள் லேப்டாப் வாங்கி எத்தனை வருஷம்?

#11 கணக்கு_டீச்சர்

கேட்காதீர்கள்.

#12 சால்டரிங்_அண்ணாச்சி

சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் மேஜைக்கு எது எப்படி வந்து சேர்கிறது என்று சொல்கிறேன், அதை வைத்து நீங்களே முடிவு பண்ணுங்கள்.

வயர் ஹெட்போன் என்றால் பத்தில் எட்டு, பின்னுக்குப் பக்கத்தில் வயர் உள்ளே அறுந்தது. இடது பக்கம் மட்டும் கேட்கும், கொஞ்சம் திருகினால் இரண்டும் கேட்கும் என்பார்கள். அரை மணி நேர வேலை, புதுப் பின் வைத்துக் கொடுத்தால் இன்னும் மூன்று வருஷம் ஓடும். வயர் தனியாகக் கழன்று வரும் மாடலென்றால் என்னிடம் வரவே வேண்டாம். வயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

புளூடூத் என்றால் பேட்டரி. லித்தியம் பேட்டரி முந்நூறு, ஐந்நூறு தடவை முழுதாக ஏறி இறங்கினால் தளர ஆரம்பிக்கும். ஹெட்போன் பேட்டரி பெரிது, வாரம் ஒரு தடவை ஏற்றினால் பல வருஷம் வரும், அதில் பயமில்லை. காதுக்குள் வைக்கும் குட்டி பட்ஸ்தான் சங்கடம். தினமும் ஏறி இறங்கும், திறந்தால் ஒட்டுப் பசை, மூடினால் பழைய மாதிரி ஒட்டாது. இரண்டு வருஷத்தில் ஒரு காது மட்டும் சீக்கிரம் செத்துவிடும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து இப்படிப்பட்ட சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அதன் புண்ணியத்தில் நமக்கும் கொஞ்சம் விடியலாம்.

அப்புறம் மெத்தை. இரண்டு வகைக்கும் பொதுவான எமன். நம் ஊர் வியர்வைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் அந்தச் செயற்கைத் தோல் உரிந்து கன்னமெல்லாம் கறுப்பாக ஒட்டும். மெத்தை கிழிந்தால் அடைப்பு போச்சு, அடைப்பு போனால் ஏஎன்சியும் பாதி போச்சு. வாங்கும் முன் அந்த மாடலுக்கு மாற்று மெத்தை கிடைக்குமா என்று பாருங்கள்.

லேப்டாப்பில் வயர் போடுபவர்களுக்கு ஒன்று. சார்ஜரைச் செருகியதும் காதில் ‘ர்ர்ர்’ என்று வந்தால், ஹெட்போனைக் குறை சொல்வதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். எர்த் இல்லாத இடத்தில் செருகியிருப்பீர்கள்.

#13 ரொறன்ரோக்_குளிர்

நான் ரொறன்ரோவில் இருந்து வருஷம் ஒருக்கால் சென்னை வழியாக யாழ்ப்பாணம் போறவன். பயணத்துக்கு ஏஎன்சியை அடிக்க ஒன்றும் இல்லை. இறங்கும்போது தலை கனக்காது. ஆனால் என்ர புளூடூத் ஹெட்போனோட வந்த வயரை வீட்டில் விட்டுட்டுப் போய், பதினாலு மணித்தியாலம் முன் இருக்கைத் திரையில் ஊமைப்படம் பார்த்தனான். இருக்கையில் இருந்தது வயர்த் துளை மட்டும்தான். அன்றில் இருந்து வயர் பாஸ்போட்டுக்குப் பக்கத்தில.

பஸ்ஸுக்கும் ஏஎன்சி நல்லம் எண்டு சொல்லுவினம். எனக்கு மேடு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போடேக்க காதுக்குள்ள ‘பொக் பொக்’ எண்டு அமுக்குது. வேற ஆருக்கும் அப்படி இருக்கோ?

#14 காற்றலை

ரொறன்ரோ அண்ணன், எனக்கும் உண்டு. குலுக்கலில் வரும் பெரிய அழுத்தத்துக்கு ஏஎன்சி திகைத்துப் போய் எதையோ செய்யும். அளவைக் குறைத்து வைக்க வசதியுள்ள மாடலில் கொஞ்சம் தணியும்.

நூல்கண்டு, ‘அடைப்பு’ என்றீர்களே. இரண்டு வழி. ஒன்று, காதை முழுக்க மூடும் ஸ்டூடியோ வயர் ஹெட்போன். சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ, ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் போன்றவை. எச்டி 280-க்கு அதிகபட்சம் 32 டெசிபல் குறைப்பு என்கிறது நிறுவனம். அந்த எண் எல்லா அதிர்வெண்ணுக்கும் பொருந்தாது, ஆனாலும் நல்ல அடைப்புதான். தலையை இடுக்கி மாதிரிப் பிடிக்கும். ஏழு மணி நேரத்துக்கு எல்லோராலும் தாங்க முடியாது.

இரண்டாவது கொஞ்சம் கோமாளித்தனமாகத் தெரியும், ஆனால் டிரம்ஸ் வாசிப்பவர்கள் பலர் செய்வது. ஸ்பாஞ்ச் முனை போட்ட, காதுக்குள் செருகும் வயர் இயர்போன் (இன்-இயர்) ஒன்று. இரண்டாயிரத்துக்குள்ளேயே நல்லது வருகிறது. அதன் மேல், தொழிற்சாலையில் போடுவார்களே, அந்த இயர்மஃப். இரண்டின் டெசிபலையும் அப்படியே கூட்டக் கூடாது, சத்தம் எலும்பு வழியாகவும் வரும். இரண்டில் எது சிறந்ததோ அதற்கு மேல் இன்னொரு ஐந்திலிருந்து பத்து டெசிபல் கிடைக்கும். உங்கள் ‘டக்கு டக்கு’க்கு எந்த ஏஎன்சியும் இதற்கு ஈடாகாது. வயர் நேராகக் கீழே இறங்கும் மாடலாக, மெலிசான வயராகப் பாருங்கள். காதுக்குப் பின்னால் சுற்றி வருவது மஃப் மெத்தையைத் தூக்கிவிடும்.

வால்யூம்தான் முக்கியம். உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல். மூன்று டெசிபல் ஏற்றினால் நேரம் பாதியாகும். 83 என்றால் இருபது மணி நேரம்தான். நீங்கள் வாரம் நாற்பது மணி நேரத்தைத் தொடுகிறீர்கள். அந்த ‘ஙொய்’ ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் காது மருத்துவரைப் பாருங்கள்.

#15 பாவு_ஊடை

பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறோம். அம்மிணி, உங்கள் வீட்டுப் பக்கத்துக் கூடத்துக்காரன் நானில்லை, இருந்தாலும் மன்னிச்சுக்குங்க. வெளியே இருக்கும் உங்களுக்கே இப்படி. உள்ளே நாங்கள் பேசுவதெல்லாம் கைஜாடையும் உதட்டசைவும்தான். எங்கள் ஆட்கள் கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள். இப்போது எட்டுத் தறியை ரேப்பியர் என்கிற நாடா இல்லாத தறிக்கு மாற்றியிருக்கிறோம், நாடா அடிக்கும் சத்தம் அதில் இல்லை, ஆனால் இரைச்சல் இருக்கத்தான் செய்கிறது. இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், நடத்துங்க.

#16 தாம்பரம்_ஃபாஸ்ட்

சரி, தோற்றேன். வேலைக்கு வயர். ஆனால் பஸ்ஸுக்கு புளூடூத்தை விட்டுத்தர மாட்டேன். ஸ்லீப்பரில் வயரோடு புரண்டு படுத்தவர்களுக்குத் தெரியும்.

#17 பழையகம்பி

அதை யாரும் மறுக்கவில்லையே. முழுக் காசையும் ஒரே பொருளில் போடணும் என்று யார் சொன்னது? இரண்டாயிரத்துக்கு வேலைப் பொருள், மிச்சத்தில் பஸ்ஸுக்கு ஒன்று. சோனி சிஎச்720என் மாதிரி 192 கிராமில், வயர்த் துளையோடு இருப்பதாகப் பார்க்கலாம். தள்ளுபடிக் காலம் வரை பொறுத்தால் இன்னும் இறங்கும்.

#18 நூல்கண்டு

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும்.

வயர் இன்-இயர் ஒன்றும் இயர்மஃப் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து நான்காயிரத்தைத் தொடவில்லை. முதல் நாள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து அம்மா, "ஏரோப்பிளேன் ஓட்டப் போறியா" என்றார். ‘டக்கு டக்கு’ போகவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. லேப்டாப் வால்யூம் முன்பு எழுபதில் இருக்கும், இப்போது முப்பதைத் தாண்டுவதில்லை. சாயங்கால ‘ஙொய்’ முதல் வாரத்திலேயே நின்றது. சப்டைட்டில் ஒன்றும் திரும்பி வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. மதியம் வியர்த்துக் கொட்டுகிறது, முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். தாடையை அசைத்தால், வயர் சட்டையில் உரசினால் எல்லாம் உள்ளே கேட்கிறது. சட்டையில் ஒரு கிளிப் குத்தி வைத்த பிறகு பரவாயில்லை. அண்ணாச்சி சொன்ன ‘ர்ர்ர்’ வந்தது. எர்த் உள்ள பிளக்குக்கு மாற்றினேன், போய்விட்டது.

பஸ்ஸுக்கு இன்னும் வாங்கவில்லை. போன தடவை தங்கையுடையதைக் கடன் வாங்கிப் போனேன். பெருந்துறை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். ரொறன்ரோ அண்ணன் சொன்ன ‘பொக் பொக்’ எனக்கும் வந்தது. தீபாவளித் தள்ளுபடியில் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

#19 பாவு_ஊடை

அம்மிணி, அந்த மஃப் எங்கே வாங்கினீங்க? எங்கள் கூடத்தில் ஆறு பேருக்கு வேணும். பாட்டுக் கேட்கிற வயரெல்லாம் வேண்டாம், மஃப் மட்டும்.

#20 நூல்கண்டு

கோவையில் சேஃப்டி ஷூ, ஹெல்மெட் விற்கும் கடையில்ங்க அண்ணா. ஆளுக்கு ஆள் தலை அளவு மாறும், முடிந்தால் ஆறு பேரையும் கூட்டிப் போங்கள். கண்ணாடி போடுபவர் இருந்தால் கண்ணாடியோடு மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், காம்பு பட்ட இடத்தில் மெத்தை தூக்கிக்கொள்கிறது. நான் அதைக் கவனிக்காமல் முதலில் ஒன்று வாங்கி மாற்றிக்கொண்டு வந்தேன்.